அறுபத்தொரு பெயர், இருபத்து மூன்று தோட்டம்

என் தங்கை இசபெல்லா 1984 ஜூன் மாதம் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். கெட்டுப்போன கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்தாள் என்று மாதா கோயிலில் ஒருவர் சொன்னார். மேலதிகாரியை மிரட்டிப் பதவி வாங்கினாள் என்று இன்னொருவர் சொன்னார். கம்ப்யூட்டர் கெடவில்லை. அவள் யாரையும் மிரட்டவும் இல்லை. தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் அவளுடைய குறிப்புப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

பெல்லா பிறந்தது 1957இல், மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்காய் பக்கத்தில் கண்ணாடித் துரை தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். நான் மூத்தவன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, தோட்டம் தோட்டமாகப் போய் ரப்பர் பால் ஏற்றிவரும் டாங்கி லோரியில் ஏறிவிட்டேன். பெல்லா நிறுத்தவில்லை. தினமும் காலை ஐந்தரை மணிக்கு, பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிடும் களத்துக்கு, போகும் கூட்டத்தோடு நடந்துபோய், சாலையில் பஸ் பிடித்து, 1974இல் எம்.சி.இ. பள்ளி இறுதித் தேர்வு எழுதினாள். கணக்கில் கிரெடிட் வாங்கினாள். 1976இல் ஈப்போவில், பேராவில் பல தோட்டங்களை வைத்திருந்த ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், பஞ்ச் ரூமில் வேலை கிடைத்தது. நாங்கள் ஈப்போவிலேயே புந்தோங்கில் வீடு எடுத்துக் குடிவந்தோம்.

பஞ்ச் ரூம் என்பது பெயருக்குத்தான். அட்டையில் துளை போட்ட காலம் போய், பதினாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விசைப்பலகையில் தட்டுகிற இடம் அது. தோட்டங்களிலிருந்து எடைச் சீட்டுகள் வரும். தோட்டத்தின் பெயர், பால்வெட்டு ஆளின் எண், எத்தனை கிலோ பால். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார் கையால் எழுதியது. அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கே ஒரே சட்டம்தான்: எழுதியிருப்பதைப் பார், பார்த்ததைத் தட்டு. நீயாக எதையும் திருத்தாதே. பெல்லா மணிக்குப் பன்னிரண்டாயிரம் எழுத்து தட்டினாள். ஆயிரம் சீட்டுக்கு இரண்டு தவறுக்கு மேல் அவளிடம் வந்ததில்லை.

ஏழு வருடம் தட்டினாள். அந்த ஏழு வருடத்தில், அலுவலக அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த கையேடுகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தாள். கோபோல் என்ற கணினி மொழியைக் கற்றாள். எங்கள் அம்மா அதைக் கோபால் என்றே சொல்லிவந்தார். “எப்பப் பாரு கோபால் கோபால்ங்கிற. யாருடி அவன், எந்தத் தோட்டத்து ஆளு” என்று ஒருநாள் கேட்டும்விட்டார்.

1983 கடைசியில் கம்பெனி புரோகிராமர் தேர்வு வைத்தது. பஞ்ச் ரூமிலிருந்து எழுதியவள் இவள் ஒருத்திதான். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் டொமினிக், டவுனில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் கோயிலுக்கே வருபவர், விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன பெல்லா, தட்டித் தட்டி வெரல் வலிக்குதா” என்றாராம். பதினொரு பேரில் இவள் இரண்டாவது. 1984 ஜனவரியில் புரோகிராமராக உட்கார்ந்தாள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஜூனில் நிரந்தரம் செய்வார்கள். இல்லையென்றால் பஞ்ச் ரூமுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

இனி அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் படிக்காதவன், எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். புரியாத இடத்தில் அவளைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

எடைச் சீட்டுகளைப் படித்து, எந்தத் தோட்டத்தில் எந்த ஆள் மாதம் எவ்வளவு பால் எடுத்தார் என்று பட்டியல் போடும் புரோகிராம் அது. 1981இல் கோலாலம்பூரிலிருந்து சியா என்ற நிபுணர் வந்து எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு கெட்டிக்கார வழி செய்திருந்தார். ஒரு தோட்டத்துக்கு வேண்டியதை எல்லாம் 340 வரியில் ஒரு மாதிரிப் பத்தியாக எழுதி, தோட்டத்தின் பெயர் வரவேண்டிய இடத்தை எல்லாம் காலியாக விட்டார். பிறகு ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரே ஒரு வரி: மாதிரியை இங்கே எடு, காலி இடத்தில் இந்தப் பெயரைப் போடு. அவ்வளவுதான். ஆள் எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அது அந்த ஒரு வரியைப் பார்த்ததும் 340 வரியையும் புதிதாக எழுதிக்கொள்ளும். அடுத்த பெயருக்கு இன்னொரு 340. நம் கண்ணுக்கு ஒரு வரி, அதற்கு 340.

சியா எழுதியபோது பன்னிரண்டு பெயர். கம்பைலர் ஐந்து நிமிடத்தில் முடித்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அவர் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டார். பிறகு, தெரியாத பெயரோடு ஒரு சீட்டு வந்தால் புரோகிராம் அதைத் தள்ளிவிடும். அப்படித் தள்ளினால் அந்தப் பெயருக்கும் ஒரு வரி சேர்த்துவிடு என்று டொமினிக் நிலையான உத்தரவு போட்டிருந்தார். ஒரு வரிதானே என்று ஒவ்வொரு புரோகிராமரும் சேர்த்தார்கள். பெல்லாவின் கைக்கு வந்தபோது அறுபத்தொரு பெயர். காகிதத்தில் அறுபத்தொரு வரி. கம்பைலர் படித்ததோ 20,740 வரி. நேரம், கிட்டத்தட்ட நாலு மணி.

இயந்திரம் ஒன்றே ஒன்று. பெல்லா கம்பைல் செய்தால் பஞ்ச் ரூமில் தட்டுவது அப்படியே நின்றுபோகும். அதனால் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அலுவலகம் மூடிய பிறகுதான் அவளுக்கு அனுமதி. வாரத்துக்கு ஒரு தடவை.

மே 21ஆம் தேதி வேலை வந்தது. கிலோவோடு ஒரு தசம இடத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாதிரிப் பத்தியில் மூன்று இடத்தில் மாற்றம். கையால் எழுதக் கால் மணி நேரம். ஜூன் 9க்குள் முடிக்கச் சொன்னார்கள்.

மே 26 சனி. ஒரு மணிக்குத் தொடங்கி நாலு ஐம்பதுக்குக் கம்பைலர் நின்று, ஒரு முற்றுப்புள்ளி இல்லை என்றது. விட்டவள் பெல்லாதான். திருத்த ஒரு வினாடி. ஆனால் மறுபடி ஓட்ட அடுத்த சனி வரை காத்திருக்க வேண்டும். ஜூன் 2 சனி. மூன்று மணி நேரம் ஓடியபோது ஈப்போவில் வழக்கமான சாயங்கால இடி. கரண்டு போய்விட்டது. ஜூன் 9 சனி. மூன்றரை மணி நேரம் ஓடி, டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றது.

அன்று இயந்திர அறையில் இருந்தவர் ஆபரேட்டர் நஜ்முதீன். நோன்பு மாதம். ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

“பெல்லா, இது கம்பைல் பண்ணுதா, குட்டி போடுதா? யானைகூட இவ்வளவு நேரம் எடுத்துக்காதுலா.”

“நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணே. நான் சாவி குடுத்துட்டுப் போறேன்.”

“போலாம் போலாம். ஆனா சொல்லு, மூணு வாரமா இதே மிசினை மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கியே. இன்னும் ரெண்டு சனிக்கிழமை போனா ஒன்னைய தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏத்தி விடணும்.”

“ஏத்துங்க. அங்கயாச்சும் மிசின் சும்மா இருக்கும்.”

ஜூன் 11 திங்கள் காலை டொமினிக் அவளைக் கூப்பிட்டார். மேசையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். என் கவனக்குறைவாலும் அனுபவமின்மையாலும் வேலை தாமதமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், பழைய பணிக்குத் திரும்பச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே அவள் பெயரும் ஒரு கோடும்.

“ஒரு சைன்தானேலா” என்றார் டொமினிக். “வீட்டுக்கா அனுப்புறேன்? பஞ்ச் ரூமுக்குத்தான். அங்க நீதான் ராணி. இங்க வந்து எதுக்கு சுசா படணும், கஷ்டப்படணும்?”

“தாமதம் ஆச்சுன்னு எழுதுங்க சார், போடுறேன். கவனக்குறைவுன்னு போட்டிருக்கு.”

“ஃபுல்ஸ்டாப்பை விட்டது யாரு?”

“நான்தான். ஒரு ஃபுல்ஸ்டாப் இல்லைன்னு சொல்றதுக்கு நாலு மணி நேரம் எடுக்குதே, அதைச் செஞ்சது யாரு?”

டொமினிக்குக் கோபம் வந்துவிட்டது. “மிஸ்டர் சியா எழுதின புரோகிராம் அது. மூணு வருசமா ஓடுது. ஒங்கைக்கு வந்ததும் ஓடல. நான் என்னன்னு எடுத்துக்குறது? அடுத்த திங்கக்கிழமை அவரே வாராரு. அவரு முன்னாடி இந்தக் கடுதாசி என் மேசையில சைனோட இருக்கணும்.”

பெல்லா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குக் காட்டினாள். நான் ஒன்றை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் போட்டுவிடு என்றேன்.

“பெரிய ஆளுங்களோட எதுக்கும்மா. பஞ்ச் ரூம் வேலை என்ன கேவலமா? ஏழு வருசம் கௌரவமாத்தானே இருந்த.”

“பஞ்ச் ரூம் கேவலம்னு நான் எங்கண்ணே சொன்னேன்? இந்தக் கடுதாசி கேவலம். இதுல சைன் போட்டா, அடுத்து அங்கேருந்து தேர்வு எழுதுற பொண்ணுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. ஒருத்தி வந்தா, முடியல, போயிட்டான்னு.”

“நீ சரின்னு எப்படிக் காட்டுவ?”

“அதுதான் தெரியல. ஆனா நாலு மணி நேரம் ஆகுறதுக்கு ஒரு காரணம் இருக்கணும்லா. அது நான் இல்ல.”

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஞ்ச் ரூம் பெண்கள் எழுந்து போனதும், நஜ்முதீனிடம் ஒரு மணி நேரம் இயந்திரத்தை வாங்கினாள். நோன்பு நேரத்தில் அவருக்குச் சாப்பாட்டுக்குப் போகிற வேலை இல்லை. எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கப்போகிறேன், ஓட்டு என்றார். செவ்வாய் அன்று பத்துப் பெயரை மட்டும் வைத்துக் கம்பைல் செய்தாள்: நாலு நிமிடம். புதன் அன்று இருபது பெயர்: பதினாலு நிமிடம். வியாழன் அன்று நாற்பது: ஐம்பத்தாறு நிமிடம். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். கோடு நேராகப் போகவில்லை. மேலே மேலே வளைந்தது.

வியாழன் சாயங்காலம் அந்தத் தாளை என்னிடம் காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“பெரட்டுல பேர் கூப்பிடுறாங்கல்ல” என்றாள். “கங்காணி ஒவ்வொரு ஆளையாத் தேடுறான்னு வைங்க. ஒவ்வொரு தடவையும் மொத ஆள்லேருந்து ஆரம்பிச்சு, அந்த ஆள் வார வரைக்கும் கூப்பிடுறான். நூறு பேரு இருந்தா பொழுது போகும். எரநூறு பேரு ஆச்சுன்னா? தேடுற ஆளும் ரெண்டு மடங்கு, ஒவ்வொருத்தரையும் தேடுற நேரமும் ரெண்டு மடங்கு.”

“அப்ப நாலு மடங்கு.”

“அதான். கம்பைலர் அப்படித்தான் தேடுது. நாப்பது பேருக்கு மேல போனா பெரட்டுக் களத்துலயே எடம் இல்ல. பாதிப் பேரைச் சாலையில நிறுத்தி வச்சு, ஓடி ஓடிக் கூட்டிக்கிட்டு வாரான். அதான் நாலு மணி நேரம்.”

இது புரிந்தது. நான் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் அறுபத்தொரு பெயரையும் சத்தமாகப் படித்தாள். எந்த நாற்பதை எடுத்தோம் என்று சரிபார்க்கவாம். வேர்ஹாம் எஸ்டேட். லாடாங் சுங்கை லாலாங். கண்ணாடித் துரை. கண்ணாடித் துரை, இந்தத் தடவை ரோமன் எழுத்தில் ஒரே ஒரு ‘என்’ போட்டு. கண்ணாடித் தொரை.

“ஒண்ணையே எத்தனை தடவை படிக்கிற?” என்றேன்.

“எது?”

“நம்ம தோட்டத்தைத்தான். வேர்ஹாமும் லாலாங்கும் கண்ணாடித் துரையும் ஒண்ணுதானே.”

“ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதா. நான் பொறந்த தோட்டம். கம்பைலருக்குத்தான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். பட்டியலில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பிறகு, “எனக்கும் தெரியலண்ணே” என்றாள். “ஏழு வருசம் கண்ணால பாத்துக் கையால தட்டியிருக்கேன். தெரியல.”

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களுக்கு ஒரு பெயர் கிடையாது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் கம்பெனிக் கோப்பில் இருக்கும். பிறகு வந்த மலாய்ப் பெயர் வாசல் பலகையில் இருக்கும். உள்ளே வாழ்கிறவர்களுக்கு வேறு பெயர். எப்போதோ கண்ணாடி போட்ட ஒரு துரை இருந்தார். அவர் முகம் தெரிந்தவர் இன்று யாரும் இல்லை. தோட்டத்துக்குப் பெயர் அதுதான். ஒரு கிராணி கோப்புப் பெயரை எழுதுவார். அடுத்த எடைக் கொட்டகையில் இருக்கும் கிராணி, வாயில் வருகிற பெயரை ரோமன் எழுத்தில், தனக்குத் தெரிந்த எழுத்துக் கூட்டலில் எழுதுவார். பஞ்ச் ரூம் பார்த்ததைத் தட்டும். புரோகிராம், தெரியாது என்று தள்ளும். ஒரு வரி சேர்ப்பார்கள். எங்கள் ஒரு தோட்டம் மட்டுமே கம்பைலருக்கு ஐந்து தோட்டமாக நின்றது, ஐந்து தடவை 340 வரியோடு. வீட்டில் கண்ணாடித் துரை என்றும் அலுவலகத்தில் வேர்ஹாம் என்றும் சொல்லிப் பழகிய நாக்கு, இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பெயர் என்று டாங்கியில் போய்வந்த எனக்குத் தெரியும். அறுபத்தொரு பெயர். இருபத்து மூன்று தோட்டம்.

“அப்ப முப்பத்தெட்டு வரியை அடிச்சிட்டா முடிஞ்சுது” என்றேன்.

“அடிச்சா அந்தச் சீட்டெல்லாம் திரும்பவும் தள்ளிடும். நாளைக்கு இன்னொரு கிராணி இன்னொரு விதமா எழுதுவாரு. வேற மாதிரி செய்யணும்.”

வெள்ளிக்கிழமை முழுவதும் எழுதினாள். மாதிரிப் பத்தியை அறுபத்தொரு தடவை எடுக்கும் வேலையை நிறுத்தினாள். ஒரே ஒரு பத்தி. பெயர்களைப் புரோகிராமுக்கு வெளியே ஒரு பட்டியலாக வைத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்தத் தோட்டம் என்று ஒன்றிலிருந்து இருபத்து மூன்றுக்குள் ஓர் எண். புரோகிராம் ஓடும்போது பெயரைப் பட்டியலில் பார்த்து எண்ணை எடுத்துக்கொள்ளும். புதுப் பெயர் வந்தால் பட்டியலில் ஒரு வரி தட்டினால் போதும். கம்பைலரை எழுப்பவே வேண்டாம்.

ஜூன் 16 சனி, மதியம் ஒரு மணி. முதல் தடவை இரண்டு பிழை வந்தது. திருத்தினாள். இரண்டாம் தடவை கம்பைலர் ஐம்பத்திரண்டு வினாடியில் முடித்தது. நஜ்முதீன் நம்பவில்லை.

“ஏய், எதையோ உட்டுட்டே.”

“எதையும் விடலண்ணே.”

“நாலு மணி நேரத்து வேலை. நான் இன்னும் நாக்காலியில சரியா உக்காரக்கூட இல்லைலா. திரும்ப ஓட்டு.”

திரும்ப ஓட்டினாள். ஐம்பத்திரண்டு வினாடி. பிறகு மே மாதத்துச் சீட்டுகள் 11,460ஐயும் சியாவின் பழைய புரோகிராமிலும் தன்னுடையதிலும் ஓட்டி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தாள். மொத்தக் கிலோ இரண்டிலும் ஒன்றே. ஆனால் முப்பத்தெட்டு ஆள் எண்களில் இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை. கூடுதலாக இருந்த பெயரும் முப்பத்தெட்டு, ஒவ்வாத ஆளும் முப்பத்தெட்டு. நான்கூட அதில் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று நினைத்தேன். அவள் பார்த்துவிட்டு, அது தற்செயல் என்றாள். அவள் முகம் சரியில்லாமல் வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பிறகு அந்த முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாயங்காலம் முகம் தெளிந்துவிட்டது. கோபம் மட்டும் இருந்தது.

ஜூன் 18 திங்கள் நடந்ததை நான் பார்க்கவில்லை. காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போன நஜ்முதீன், யாரும் போகச் சொல்லாததால் கதவோரம் நின்றுவிட்டார். அவர் சொன்னதையும் பெல்லா சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். சியா ஆங்கிலத்தில்தான் பேசினாராம்.

டொமினிக் முதலில் கடிதத்தைக் கேட்டார். பெல்லா பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கோடு காலியாக இருந்தது.

“சைன் எங்க?”

“போடல சார். புரோகிராம் முடிஞ்சிருச்சு. ஐம்பத்திரண்டு வினாடி.”

“முடிஞ்சிருச்சுன்னா? மிஸ்டர் சியா புரோகிராமை நீ மாத்தினியா? யாரைக் கேட்டு மாத்தின?”

“யாரையும் கேக்கல.”

சியா குறுக்கிட்டார். தன்னுடைய முறையில் தவறு ஒன்றும் இல்லை, இயந்திரம்தான் சிறியது, கூடுதல் நினைவகம் வாங்கச் சொல்லி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன் என்றார். பிறகு இரண்டு பட்டியலையும் புரட்டிப் பார்த்து, சிவப்பு மையில் பெல்லா குறித்திருந்த முப்பத்தெட்டு இடத்தையும் கண்டார். “வேகமாக ஓடித் தவறாகச் சொல்வதற்கு, மெதுவாக ஓடிச் சரியாகச் சொல்வது மேல். உங்கள் பட்டியல் என் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை” என்றார்.

டொமினிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பாத்தியாலா?”

பெல்லா ஒரு வரியை விரலால் காட்டினாள். “நாப்பத்தேழாம் நம்பரைப் பாருங்க சார்” என்றாள்.

சியாவின் பட்டியலில் வேர்ஹாம் எஸ்டேட், ஆள் எண் 47: 286 கிலோ. கண்ணாடித் துரை, ஆள் எண் 47: 241 கிலோ. ஒற்றை ‘என்’ போட்ட கண்ணாடித் துரை, ஆள் எண் 47: 33 கிலோ. பெல்லாவின் பட்டியலில் தோட்டம் 9, ஆள் எண் 47: 560 கிலோ. ஒரே ஒரு வரி.

“மூன்று தோட்டத்தில் மூன்று நாற்பத்தேழு இருக்கலாமே” என்றார் சியா.

“மூணு தோட்டம் இல்ல சார். ஒரே தோட்டம். நான் பொறந்த எடம். நாப்பத்தேழு வீரம்மா அக்கா. அவங்க ரெண்டு கொட்டகையில பால் நிறுக்கிறாங்க. ஒரு கிராணி ஒரு பேரு எழுதுறாரு, இன்னொருத்தர் இன்னொரு பேரு, அதுலயும் சில நாள் ஒரு எழுத்து கொறையுது. போன மாசம் குறைச்சலா பால் எடுத்தவங்கன்னு நம்ம ஆபீஸ்லேருந்து ஒரு லிஸ்ட் போச்சுல்ல? அதுல 286 கிலோன்னு அவங்க பேரு இருக்கு. அவங்களுக்கு எச்சரிக்கைக் கடுதாசி குடுத்திருக்காங்க. காலையில ஆறு மணிக்கு ரப்பர் மரத்து நிரையில நிக்கிற பொம்பளைக்கு.”

நஜ்முதீன் சொன்னார், சியா பென்சிலை எடுத்து அந்த மூன்று எண்ணையும் தானே கூட்டிப் பார்த்தாராம்.

சியா டொமினிக்கிடம் டெலிபோனைக் காட்டினார். தோட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். கிராணி இராமசாமி எடுத்தார். 47ஆம் எண்ணுக்கு மே மாதம் மொத்தம் எவ்வளவு என்று எடைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு கொட்டகைப் புத்தகத்தையும் கூட்டிவிட்டு வந்து, “அஞ்சு நூத்து அறுவது” என்றார். பிறகு அவராகவே, “ஏன் சார், எங்களுக்கும் அது வெளங்கல. கம்ப்யூட்டர் சொல்லுதேன்னு கடுதாசி குடுத்துட்டோம்” என்றார்.

முப்பத்தெட்டு எண்ணில் இன்னும் ஆறை, வேறு வேறு தோட்டத்தில் கேட்டுப் பார்த்தார்கள். ஆறும் பெல்லா பட்டியலில் இருந்தபடியே இருந்தன.

சியா பெல்லாவின் புரோகிராமைக் கேட்டு வாங்கினார். ஏழு பக்கம். அரை மணி நேரம் படித்தார். நாலாம் பக்கத்தில் பென்சிலால் ஓர் இடத்தைத் தட்டினார். “பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் வைத்திருக்கலாம். தேடுவது இன்னும் சுருங்கும்” என்றார். “சரி சார், அது நல்லது” என்று பெல்லா அங்கேயே குறித்துக்கொண்டாள். மறைப்பானேன், சியா கெட்டவர் இல்லை. பன்னிரண்டு பெயருக்கு எழுதினார். பன்னிரண்டுக்கு அது சரியாகவே இருந்தது.

அவர் எழுந்து கை கழுவப் போனதும் டொமினிக் கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் பார்த்தார்.

“கிழிக்காதீங்க சார்” என்றாள் பெல்லா.

“அதான் வேண்டாம்னு ஆயிருச்சேலா. விடேன்.”

“எம்மேல ஒரு கடுதாசி எழுதினீங்க. அதுக்கு நான் பதில் எழுதணும். ரெண்டும் ஃபைல்ல இருக்கணும்.”

அங்கேயே நின்று, காலியாக இருந்த கோட்டுக்குக் கீழே எழுதினாள். அந்த நகல் என்னிடம் இருக்கிறது. தமிழில் இப்படி வரும்: “மே 26 அன்று முற்றுப்புள்ளி விட்டது நான். பஞ்ச் ரூமில் ஏழு வருடம், ஒரே தோட்டத்தின் பல பெயர்களை யோசிக்காமல் தட்டியவர்களில் நானும் ஒருத்தி. இவ்விரண்டும் என் தவறு. தாமதத்துக்குக் காரணம், ஒரே பத்தியை அறுபத்தொரு தடவை கம்பைலரைப் படிக்கவைத்தது. அது என் தவறு அல்ல. பழைய பணிக்குத் திரும்பச் சம்மதம் இல்லை.” அதன் கீழே கையெழுத்து.

டொமினிக் படித்துவிட்டு, “ரொம்பத்தான்லா நீ” என்றார்.

“இன்னொண்ணு சார். முப்பத்தெட்டு பேருல அந்த லிஸ்ட்ல பேரு வந்து கடுதாசி வாங்கினவங்க பத்தொம்பது பேரு. அது தப்புன்னு தோட்டத்துக்கு நம்ம எழுதணும்.”

“கடுதாசி குடுத்தது தோட்டம். அது அவங்க பாடு.”

“லிஸ்ட் போனது நம்ம மிசின்லேருந்து. நம்ம லெட்டர்ஹெட்லதான் போவணும்.”

“இன்னைக்கேவா?”

“டைப் அடிச்சே கொண்டாந்திருக்கேன்.”

பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாக, ஒவ்வொருவர் பெயர், எண், சரியான கிலோ போட்டு, ஞாயிறு சாயங்காலமே தட்டி வைத்திருந்தாள். டொமினிக் ஒவ்வொன்றையும் படித்தார். படித்தபோது அவருக்குக் கோபம் இல்லை என்று நஜ்முதீன் சொல்கிறார். இருந்தது என்று பெல்லா சொல்கிறாள். எப்படியிருந்தாலும் நாலரை மணிக்குள் பத்தொன்பதும் போய்விட்டன. ஒரு வாரம் கழித்து நான் டாங்கியோடு அங்கே போனபோது, கொட்டகையில் வாளியை இறக்கிக்கொண்டிருந்த வீரம்மா அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “ஒந்தங்கச்சிதான் எழுதினாளாமே. நான் கொறைச்சலா வெட்டலன்னு இங்க யாருகிட்ட சொல்லியும் கேக்கல. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

ஜூலையில் நிரந்தரக் கடிதம் வந்தது. அதில், திரு. சியாவின் வழிகாட்டுதலின் கீழ் புரோகிராமைச் சீர்செய்தார் என்று ஒரு வரி இருந்தது. பெல்லா அந்தக் கடிதத்தையும் டொமினிக்கின் மேசைக்கே திருப்பிக் கொண்டுபோனாள்.

“இதுல என்னலா குறை? நிரந்தரம் குடுத்தாச்சு. ஒரு வரிக்காக இப்பிடியா?”

“அகர வரிசை அவரு சொன்னது. அதைப் போடுங்க. மத்தது நான் செஞ்சது.”

“சைன் போட்டு வாங்கிக்கிட்டுப் போ, பெல்லா.”

“நாளைக்கு வாரேன் சார்” என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, அந்த வரி இல்லாத கடிதம் அவள் மேசையில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டாள்.